வயிற்றெரிச்சலுக்கு விற்ற குளிசைகள்

டிக்கோயாத் தோட்டங்களில் விடிய முன்பே லயக் காம்பராக்களின் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். ரொட்டி தட்டி, பிள்ளைகளை எழுப்பி, புருஷனுக்கும் மாமிக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் ஒரு கோப்பை சாயத் தண்ணியை மட்டும் குடித்துக்கொண்டு மலைக்கு ஓடுகிற பெண்கள் எத்தனையோ பேர். பத்து மணியாகும்போது நெஞ்சுக்குழியில் நெருப்பு வைத்ததுபோல் எரியும். "கேஸ்" என்பார்கள். மடியில் முடிந்து வைத்திருக்கும் அட்டையிலிருந்து ஒரு குளிசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு மறுபடியும் கொழுந்தில் கை வைப்பார்கள். அது என்ன குளிசை என்று கேட்டால், "கடையில கேட்டா குடுப்பாங்க" என்பதுதான் பதில்.

இது மலையகத்துக் கதை மட்டுமல்ல. முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளும் தங்கள் வீட்டு அலுமாரியில் பேர் தெரியாத அட்டை ஒன்றை வைத்திருக்கக்கூடும். பேர் தெரியாத மருந்தை வயிற்றுக்காக வாங்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். தேடல் விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து திரும்பவும் நம்முடைய மலைக்கே வந்து நின்றது.

தேயிலை அங்கே போனது, மருந்து இங்கே வந்தது

டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காடு வெட்டிக் கோப்பி நட்டது 1860களில். 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1884இல் புகையிரதம் ஹட்டன் வரை வந்தபிறகு, தேயிலைப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்குவது சுலபமாயிற்று.

அந்தத் தேயிலையை இங்கிலாந்தில் குடித்தவர்கள் யார்? மாளிகைச் சீமாட்டிகள் மட்டுமல்ல. ஆலைகளில் வேலை செய்த பெண்கள், இரவிரவாகத் தைத்த தையல்காரிகள், வீட்டு வேலைக்காரிகள். ஏழைக் குடும்பத்தில் வாங்கும் கொஞ்சம் இறைச்சி உழைக்கிற புருஷனுக்குப் போகும். பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் பாணும் தேத்தண்ணியும்தான். அதுவும் ஒரே தேயிலையைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்த கசந்த சாயம். வெறும் வயிற்றில் அதைக் குடித்துக் குடித்து வயிறு புண்ணாகிறது என்று அந்தக் காலத்து டொக்டர்மார் எழுதினார்கள். கொழுந்து பறித்தவளுக்கும் சாயம் குடித்தவளுக்கும் ஒரே வியாதி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை.

டொக்டரிடம் போகக் காசில்லாத அந்தப் பெண்களுக்காகத்தான் 'பேட்டன்ட் மருந்து' வந்தது. பேர்தான் பேட்டன்ட், உண்மையில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டன்ட் உரிமை எடுக்கவே இல்லை. எடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் வியாபாரமே. அரசாங்கம் செய்தது வரி வாங்கியது மட்டும். ஒரு ஷில்லிங் பெட்டிக்கு ஒன்றரைப் பென்ஸ் முத்திரை வரி. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அரசாங்க முத்திரையைப் பார்த்த சனங்கள், அரசாங்கமே சோதித்து உறுதி கொடுத்த மருந்து என்று நம்பினார்கள். வியாபாரிகள் அந்த நம்பிக்கையைக் கலைக்கப் போகவில்லை.

நூற்றெட்டு மடங்கு

இந்த வியாபாரிகளில் மிகப் பெயர் பெற்றவர் தோமஸ் பீச்சம். 1820இல் பிறந்தவர். சிறு வயதில் ஆடு மேய்த்தவர். மேய்ச்சல் நிலத்தில் பச்சிலைகளைப் பழகிக்கொண்டவர். சந்தைகளில் நின்று குளிசை விற்று, பிறகு சென்ட் ஹெலன்ஸ் என்ற ஊரில் தொழிற்சாலை கட்டினார். 'பெட்டி ஒன்று ஒரு கினி பெறும்' என்பது அவருடைய விளம்பரம். ஒரு கினி என்றால் இருபத்தொரு ஷில்லிங். பெட்டியின் விலையோ ஒரு ஷில்லிங்கும் ஒன்றரைப் பென்ஸும். இருபது ஷில்லிங் இலாபம் என்று நினைத்து வாங்கினார்கள். அஜீரணம், வாயு, தலைசுற்று, பித்தம், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அதே குளிசை. பெண்களுடைய மாத ஒழுங்கீனத்துக்கும் அதுவே என்று விளம்பரங்கள் சாடைமாடையாகச் சொல்லின.

1909இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் இப்படிப்பட்ட மருந்துகளை ஆய்வுகூடத்தில் பிரித்துப் பார்த்து, 'இரகசிய மருந்துகள்' என்ற பேரில் ஒரு புத்தகம் வெளியிட்டது. பீச்சம் குளிசைக்குள் இருந்தவை மூன்றே மூன்று: கரியபோளம், இஞ்சித்தூள், சவர்க்காரத்தூள். கரியபோளம் என்றால் வேறொன்றும் இல்லை, கற்றாழைச் சாற்றைக் காய வைத்துக் கட்டியாக்கியது. நம் நாட்டு வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த பேதி மருந்து. ஐம்பத்தாறு குளிசை உள்ள ஒரு பெட்டிக்கான சரக்கின் செலவு அரை பார்த்திங் என்று அந்தப் புத்தகம் கணக்குச் சொன்னது. பார்த்திங் என்றால் கால் பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரக்கின் விலையைப்போல் நூற்றெட்டு மடங்குக்கு விற்றிருக்கிறார்கள்.

எங்கள் அப்பாயி கற்றாழையை வேலியோரத்தில் நட்டு வைத்திருந்தார். இஞ்சி பானைக்குப் பின்னால் மண்ணில் கிடக்கும். பீச்சம் துரையின் தொழிற்சாலையில் மூன்றில் இரண்டு பங்கு சரக்கு அவருடைய கொல்லையில் இருந்தது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கற்றாழைக் கட்டி பேதியாக்கும். அதனால் வயிறு லேசானதுபோல் ஒரு நாள் தோன்றும். புண் இருந்தால் புண் அப்படியேதான் இருக்கும். கர்ப்பிணிப் பெண் அதைத் தின்பது ஆபத்து. நம் கொல்லையில் முளைத்தது என்பதற்காக அது குற்றமில்லாததாகிவிடாது.

தோமஸ் ஹொலோவே என்பவரின் கதை இன்னும் விசித்திரம். தன் தாயின் சமையலறைச் சட்டியில் களிம்பு காய்ச்சி 1837இல் வியாபாரம் தொடங்கியவர். பிறகு வயிற்றுக்கும் ஈரலுக்கும் என்று குளிசை விற்றார். வருடத்துக்கு ஆயிரக்கணக்கான பவுணை விளம்பரத்துக்கே செலவழித்து, உலகத்தின் பல மொழிகளில் தன் பேரை அச்சடிக்க வைத்தார். அவருடைய குளிசையிலும் பெரிய அற்புதம் எதுவும் இல்லை. ஆனால் சேர்ந்த பணத்தில் இறந்துபோன மனைவியின் நினைவாகப் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி கட்டினார். 1886இல் விக்டோரியா மகாராணியே வந்து அதைத் திறந்துவைத்தார். இன்றும் அது இலண்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக இயங்குகிறது. ஏழைப் பெண்களின் வயிற்றெரிச்சலில் கட்டிய கல்லூரியில் இன்னொரு தலைமுறைப் பெண்கள் படித்தார்கள். இதை நல்லது என்பதா கெட்டது என்பதா என்று எனக்கு இன்னும் தீர்மானம் இல்லை.

துரையின் மருந்துப் பெட்டி

இந்த மருந்துகளெல்லாம் கப்பலில் ஏறி இங்கேயும் வந்தன. தோட்டத்துப் பங்களாவில் ஒரு மருந்துப் பெட்டி இருக்கும். டொக்டர் பல மைல் தூரத்தில் இருந்தபடியால், கோப்பிக் காலத்தில் துரையே டொக்டர். பெட்டியில் கொயினா, விளக்கெண்ணெய், பேதியுப்பு, அவற்றோடு குளோரடைன்.

குளோரடைனைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் இராணுவ வைத்தியராக இருந்த ஜோன் கொலிஸ் பிரவுண் என்பவர் 1848இல் வாந்திபேதிக்கென்று கலந்த மருந்து அது. 1856இலிருந்து போத்தலில் அடைத்து விற்பனைக்கு வந்தது. வயிற்றுக்குத்து, வயிற்றோட்டம், இருமல், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் பாவித்தார்கள். உள்ளே இருந்தது அபின் சாறு, கஞ்சாச் சாறு, குளோரபோம். குடித்தவுடன் வலி போய்விடும், வயிற்றோட்டமும் அடங்கும். போகாமல் என்ன செய்யும்? அத்தோடு பழக்கமும் பிடித்துக்கொள்ளும். அளவு தப்பினால் மூச்சு நின்றுவிடும்.

நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி, வன்னிக் காடு கடந்து மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வழியில் வாந்திபேதியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயத்துக்குப் போனால் துரைமாரின் கல்லறைகளில் பேரும் திகதியும் வெட்டியிருப்பதைக் காணலாம். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை. அதே வன்னிக் காட்டுவழிகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்த உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

வாந்திபேதியில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் போவது. குளோரடைன் நோயாளியைத் தூங்க வைத்தது. போன நீரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நீரையும் உப்பையும் சீனியோடு சேர்த்துக் குடிக்கக் கொடுத்தால் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்று விஞ்ஞானிகள் கண்டது 1960களில்தான். முகாமில் இருந்தவர்களுக்கு 'ஜீவனி' பக்கற் நினைவிருக்கும். கோடிக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றிய முறை அது. அதில் இரகசியம் எதுவும் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று பக்கற்றிலேயே அச்சடித்திருக்கும்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று 1872இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகு மெதுவாக ஆஸ்பத்திரிகளும் டிஸ்பென்சரிகளும் வரத் தொடங்கின. எங்கள் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு இந்திய உதவியில் 150 கட்டில்களோடு புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. ஆனாலும் மலையிலிருந்து இறங்கி, பஸ் ஏறி, வரிசையில் நின்றால் ஒரு நாள் பேர் போய்விடும். கடைக் குளிசைக்குப் போவது ஒரு நிமிஷம். நம்முடைய பெண்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கணக்குப் பார்த்துத்தான் கடைக்குப் போகிறார்கள்.

பிள்ளைக்காம்பராவும் போத்தலும்

இங்கிலாந்தில் ஆலைக்குப் போன தாய்மார் கைக்குழந்தையைக் காசு கொடுத்து ஒரு கிழவியிடம் விட்டுப் போவார்கள். நம்முடைய பிள்ளைக்காம்பரா போலத்தான், ஆனால் கேட்பார் இல்லை. பத்துக் குழந்தையை ஒருத்தி பார்க்க வேண்டும். வயிற்றுக்குத்துக்கு நல்லது என்று விற்ற 'கொட்பிரே' மருந்தைக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தால் பத்தும் தூங்கிவிடும். அதிலும் அபின்தான். சில குழந்தைகள் எழும்பவே இல்லை. இன்னும் பல பால் குடிக்க மறந்து இளைத்துச் செத்தன. தாய்மாரைத் திட்டியவர்கள் நிறைய இருந்தார்கள். போத்தலில் அபின் என்று எழுத வைத்தவர்கள் நெடுங்காலம் இல்லை.

கிரைப் வோட்டரும் அந்தக் காலத்துச் சரக்குத்தான். வில்லியம் வூட்வர்ட் என்பவர் 1851இல் நொட்டிங்ஹாம் நகரத்தில் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், அப்பச்சோடா, சீனி. அபின் இல்லை, ஆனால் சாராயச் சத்து இருந்தது. பிரித்தானியாவில் அதை நீக்கியது 1990களில்தான். இப்போதைய போத்தல்களில் பெரும்பாலும் அது இல்லை. இருந்தாலும் ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதுதான் இன்றைய வைத்திய ஆலோசனை. தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் எடுக்க வைக்கும் நம் பாட்டிமாரின் கைக்கு மிஞ்சிய போத்தல் இல்லை.

உள்ளே என்ன?

'இரகசிய மருந்துகள்' புத்தகம் வந்த பிறகு பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு குழு அமைத்து விசாரித்தது. மோசடி நடக்கிறது, சட்டம் வேண்டும் என்று அந்தக் குழு அறிக்கை கொடுத்தது 1914 ஆகஸ்டில். அந்த மாதத்திலேயே பிரித்தானியா முதலாம் உலகப் போரில் இறங்கியது. அறிக்கை தூசிக்குள் போனது. மருந்துக்குள் என்ன இருக்கிறது என்று பெட்டியில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் அங்கே வந்தது 1941இல். போர் வந்தால் முதலில் தள்ளிப் போவது யாருடைய காரியம் என்று நமக்குத் தெரியும்.

நம் நாட்டில் இதற்காகப் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. கம்பனிப் பேரைப் பார்க்காதே, மருந்தின் பேரைப் பார் என்றார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாக அவர்தான் காரணம். இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்த இறக்குமதி மருந்துகளின் பட்டியலை அறுநூறு அளவுக்குக் குறைக்கச் செய்தார். ஒரே மருந்து பத்துப் பேரில் பத்து விலையில் விற்கிறது என்பதை உலகத்துக்குக் காட்டிய இலங்கையர் அவர். 1977இல் வெளிநாட்டில் காலமானார்.

உங்கள் அட்டைக்கு வருவோம். வயிற்றெரிச்சலுக்குக் கடையில் கிடைப்பவை பலவிதம். புளிப்பை முறிக்கும் சோடாவகை உப்புத்தூள் ஒன்று. நியூகாசல் நகரத்து ஈனோ என்பவர் விக்டோரியா காலத்தில் தொடங்கியது இன்னும் நம் கடைகளில் இருக்கிறது. எப்போதாவது கரைத்துக் குடிப்பதில் பிழையில்லை. ஆனால் அதில் சோடியம் அதிகம். பிரஷர் உள்ளவர்களும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் தினமும் குடிக்கக் கூடாது. அமிலம் சுரப்பதையே குறைக்கும் குளிசைகள் வேறு. இவற்றுக்கு நடுவில், வயிற்று மருந்து என்று நினைத்து நோ மருந்தை விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற நோ குளிசைகளே வயிற்றைப் புண்ணாக்கும். வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் மோசம். கூடை சுமந்த முதுகு வலிக்கும், உடம்பில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிற இடம் வலிக்கும் வருடக்கணக்காக இவற்றை விழுங்குகிற சகோதரிகள் டொக்டரிடம் அதைச் சொல்லாமல் மறைக்க வேண்டாம். "வயிறு எரியுது" என்று மட்டும் சொன்னால் டொக்டருக்கு எப்படித் தெரியும்?

வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் கவலையும் உறைப்பும்தான் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1982இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ஷல், வொரன் என்ற இரண்டு வைத்தியர்கள் வயிற்றில் ஒரு பற்றீரியாக் கிருமியைக் கண்டார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்து, வயிற்று அழற்சி வந்து, அதை நிரூபித்தார். இரண்டு பேருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி இருந்தால் சோதனையில் தெரியும். அன்டிபயோட்டிக் மருந்தைச் சொன்ன நாள் வரை எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். பத்து வருடம் அட்டை அட்டையாக விழுங்கினாலும் புளிப்பு மருந்தால் அது போகாது.

மலம் தார் போலக் கறுத்தால், வாந்தியில் இரத்தம் வந்தால், காரணமில்லாமல் மெலிந்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், அடுத்த சம்பளம் வரை பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்று. நெஞ்சு கனத்து, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஏறினால் அதைக் 'கேஸ்' என்று நினைத்துச் சோடா குடிக்க வேண்டாம். மாரடைப்பு பெண்களுக்கு இப்படிக் குழப்பமாகவே வருவதுண்டு. மூச்சிரைப்பும் வாந்தியும் களைப்பும் மட்டுமாகக்கூட வரும். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கடைசியாக ஒரு சகோதரியைப் பற்றி. 1977 கலவரத்தில் டிக்கோயாவிலிருந்து வன்னிக்குப் போன குடும்பம். அங்கேயே பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்தவர். போர் முடிந்தபின் பிள்ளைகளோடு இங்கே சித்தியின் லயத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த நாள் முதல் நெஞ்சில் எரிவு. கடைக் குளிசை தின்று தின்று, மாதம் எவ்வளவு காசு போகிறது என்று கூட்டிப் பார்த்தபோது எங்கள் இரண்டு பேருக்குமே தூக்கிவாரிப் போட்டது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் பிள்ளை சிறு பெண். எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், எத்தனை கோப்பை தேத்தண்ணி, நோ குளிசை எடுப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, எப்போதிருந்து இப்படி என்றார்.

"2009 மே பதினேழு," என்றார் இவர்.

டொக்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டு இருந்தார். திகதியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வயிற்றுக்குச் சோதனையும் மருந்தும் எழுதினார். அத்தோடு இன்னொரு கிளினிக்குக்கு ஒரு துண்டும் எழுதி, "அங்க ஒரு மிஸ் இருக்காங்க, அவங்ககிட்ட ஆறுதலா இருந்து கதைங்க, அவசரப்பட வேண்டாம்," என்றார். அந்த மிஸ்ஸிடம் இவர் மூன்று முறை போய்விட்டார். என்ன கதைக்கிறார் என்று நான் கேட்பதில்லை.

அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மருந்து உறையை என்னிடம் நீட்டி, "அக்கா, இதுல இங்கிலீஷ்ல எழுதியிருக்கிறதத் தமிழ்ல எழுதித் தாங்க," என்று கேட்டார். பையிலிருந்த பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தேன்: ஒமெப்ரசோல். சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன். காலையில் ஒன்று.

"சாப்பாட்டுக்கு முன்னண்டா, காலையில சாப்பிடவும் வேணும்தானே," என்றார் அவர்.